அந்தோணியக்கா கற்றுக்கொண்ட பாஷை

தந்தி வந்தபோது நான் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கும்மிடிப்பூண்டியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் தபாலாபீசும் ஒரே கட்டடம்; நடுவில் ஒரு மரத் தடுப்புதான். தந்தி குமாஸ்தா தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, காகிதத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். ஊராருக்கு வந்த சாவுச் செய்திகளையெல்லாம் வருஷக்கணக்காக எங்கள் கை வழியாகத்தான் அனுப்பியிருக்கிறோம். எங்களுக்கென்று ஒன்று வந்தபோது இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்பெயின் தேசத்தில், வலென்சியாவில், அந்தோணியம்மாள் உறக்கத்தில் காலமானார், அடக்கம் முடிந்தது. அவ்வளவுதான் செய்தி. விலாசத்தில் தெருப் பெயர் இல்லை. எக்ஸ்சேஞ்ச் என்று மட்டும் போட்டிருந்தது. அவருக்கு இந்த ஊரில் வேறு வீடு கிடையாது.

உங்களில் பலர் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள்; கேட்டிருப்பீர்கள். அறுபதுகளில் கும்மிடிப்பூண்டியிலும் கவரைப்பேட்டையிலும் பொன்னேரியை ஒட்டிய எங்கள் ஆரணிப் பக்கத்திலும் போன் வைத்திருந்தவர்கள் கைப்பிடியைச் சுற்றினால், முதலில் காதில் விழுவது அவர் குரல்தான். "எக்ஸ்சேஞ்ச்" என்ற ஒரே வார்த்தை. அரிசி மண்டிக்காரர்கள் மத்தியில் அவர் ஆறடி உயரமான பெண்மணி என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஆள் என் தோளுக்குத்தான் வருவார். புட்டிக் கண்ணாடி, வெளுத்த கைத்தறிப் புடவை, இடுப்பில் சொருகிய கைக்குட்டை. புருஷன் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து, மகள் தவழும் வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் வேலையில் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்ன முதல் புத்திமதி இது: "ஹெட்செட் மாட்டினா நமக்கு வாய் மட்டுந்தான்டி. பேரு கெடையாது, ஊடு கெடையாது. லைன்ல நம்ம பேச்சு கூடாது." நானெல்லாம் அடுத்த வாரமே என் அம்மாவைக் கவரைப்பேட்டை மளிகைக் கடை போனுக்குக் கூப்பிட்டு, கத்தரிக்காய்க் குழம்புக்குப் பக்குவம் கேட்டவள். அவர் கடைசிவரை அந்த விதியை மீறவில்லை. மீறியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

எதையும் முன்னேற்பாடாகச் செய்கிற ஆள் அவர். ஐப்பசி அடைமழைக்கு ஆடியிலேயே குடை ரிப்பேர் ஆகிவிடும். புயல் எச்சரிக்கை வந்த ஒரு வருஷம், ஊரே கடைக்கு ஓடியபோது, அவர் பீரோவிலிருந்து மெழுகுவத்தி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தார். எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டோம். போன புயலுக்கு மறுநாள் என்றார். ரிடையரான பிறகு என்ன செய்வது என்று மற்றவர்கள் கடைசி மாதத்தில் யோசிப்பார்கள். அவர் அதற்கு எட்டொன்பது வருஷம் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

காரணம் அவருடைய ஒரே மகள் பிலோமினா. அவரும் நாங்களும் மினி என்போம். ஒல்லியாக, சிரித்துக்கொண்டே, அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்து கொடுக்கும் பெண். நர்ஸ் படிப்புக்கென்று கன்னியாஸ்திரீகள் சில பெண்களை ஸ்பெயினுக்கு அழைத்துப் போனபோது அவளும் போனாள். படித்து முடித்ததும் திரும்பி வருவாள் என்று இவர் பொன்னேரியில் மாப்பிள்ளைகூட விசாரித்து வைத்திருந்தார், முன்னேற்பாடு! அவளிடமிருந்து வந்ததோ வேறு செய்தி. வெளியுலகம் பார்க்காத அடைபட்ட மடம் ஒன்றில் சேர்ந்துவிட்டாளாம். பெயரையும் மாற்றி சிஸ்டர் இனெஸ் என்று வைத்துவிட்டார்களாம். அன்றைக்கு அவர் டூட்டி முடியும்வரை ஒரு நம்பர்கூடத் தப்பாகப் போடவில்லை. முடிந்ததும் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதார். வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

பிறகு பங்குச் சாமியாரிடம் போய் அந்த மடத்துச் சட்டதிட்டங்களை விசாரித்துவிட்டு வந்தார். பெற்றவர்கள் போய்ப் பார்க்கலாம். பார்க்க என்றால் பார்க்க முடியாது. நடுவில் இரும்புக் கிராதி, அதற்குப் பின்னால் கறுப்புத் திரை. குரல் மட்டும்தான் வரும். உள்ளே இன்னொரு சிஸ்டர் கூடவே உட்கார்ந்து பேச்சைக் கேட்பார். அதனால் அவருக்குப் புரிகிற பாஷையில்தான் பேச வேண்டும், பெற்ற தாயாக இருந்தாலும். எனக்குக் கோபம் வந்தது. பெத்த பொண்ணோட பேச எவளோ ஒருத்தி ஒட்டுக் கேட்கணுமா என்றேன். அந்தோணியக்கா சிரித்தார். நாம் எத்தனை பேர் பேச்சைக் கேட்டிருப்போம், நம்ம பேச்சை ஒருத்தி கேட்டால் ஆகாதா என்றார். ரிடையரானதும் அந்த ஊருக்கே போய் மடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது, அதற்குள் ஸ்பானிஷ் கற்றுக்கொள்வது என்று அன்றே முடிவாயிற்று. மகளுக்கு இதை எழுதக் கூடாது என்பதும் முடிவாயிற்று. திடீரென்று போய் நின்று அவள் பாஷையில் பேசி அவளை அசரடிக்க வேண்டும் என்று ஆசை.

கும்மிடிப்பூண்டியில் ஸ்பானிஷுக்கு எங்கே போவது? மெட்ராஸில் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஒரு புத்தகம் கிடைத்தது. வாத்தியார் கிடைத்தது புதுவாயலில். பழவேற்காட்டுக்காரர் சவரிமுத்து, சரக்குக் கப்பல்களில் பல வருஷம் சமையல் செய்துவிட்டு வந்து, கூட்டுரோட்டில் லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் துறைமுகத்திலும் சமையல்கட்டிலும் பொறுக்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா பஸ் ஏறிப் போய், வெங்காயம் உரித்துக்கொண்டே பாடம் கேட்பார். நானும் துணைக்குப் போயிருக்கிறேன். சவரிமுத்துவுக்கு ஒரே கூச்சம்.

"நான் கத்துக்கினது கப்பல்லம்மா. சாமிகிட்ட இருக்கற பொண்ணாண்ட பேசற மாதிரி எனக்கு வராது" என்றார்.

"திட்டற வார்த்தைங்கள மட்டும் தனியா சொல்லிடு சவரி. அத்த உட்டுட்டு மிச்சத்த எட்த்துக்கறேன்" என்றார் அக்கா.

அப்படி விட்டதில் பாதி பாஷை போய்விட்டது என்று சவரிமுத்து பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மிச்சத்தில் முதலில் கற்றது "ஈஹா மீயா" என்பது. என் மகளே என்று அர்த்தம்.

இனிமேல் சொல்வதை உங்களில் சிலர் நம்ப மாட்டீர்கள். எங்கள் போர்டில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சின்ன மூடி உண்டு. சந்தாதாரர் கைப்பிடியைச் சுற்றினால் அந்த மூடி டக்கென்று விழும். நாங்கள் கம்பியைச் சொருகி யாரென்று கேட்போம். பதினேழாம் நம்பர், ஆரணியில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில். முதலாளி செத்து, குடும்பம் நெல்லூருக்குப் போனதும், போனையும் எங்கள் ஆட்கள் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த மூடி விழும். மழைக்காலம் என்றில்லை, நல்ல வெயிலில் மத்தியானம் விழும். லைன்மேன் முனுசாமி கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். கம்பியை அறுத்துச் சுருட்டிக் கட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, செத்த நம்பர் கூப்பிட்டால் பதில் சொல்லாதீர்கள் என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் யாரும் அதைத் தொட மாட்டோம். அந்தோணியக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் கம்பியைச் சொருகி, "எக்ஸ்சேஞ்ச்" என்பார். கொஞ்ச நேரம் காத்திருந்து, எடுத்துவிடுவார். "கூப்புட்டது யாருன்னு பாக்கறது நம்ம வேல இல்ல. கூப்புட்டா எடுக்கறதுதான் வேல."

அப்புறம் அந்த லைனையே ஸ்பானிஷ் பழகுவதற்கு வைத்துக்கொண்டார். மறுமுனையில் ஆள் இல்லை, தப்பாகப் பேசினாலும் வெட்கம் இல்லை என்பது அவர் கணக்கு. வேலை குறைந்த பிற்பகல்களில் பதினேழில் சொருகிக்கொண்டு மெதுவாக ஆரம்பிப்பார். எப்படி இருக்கிறாய் என் மகளே என்று கேட்பார். நிறுத்துவார். இங்கே மழை, அங்கே எப்படி என்பார். நிறுத்துவார். பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிறுத்துவார். பதில் காதில் விழுந்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் இன்னொரு ஹெட்செட்டை எடுத்து அதே லைனில் காது கொடுத்தேன். அவர் கேள்வி கேட்டு நிறுத்தினார். அந்த இடைவெளியில் ஒரு மூச்சு. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தது. அறுந்த கம்பியில் காற்றுப் பட்டால் அப்படிக் கேட்கும் என்று முனுசாமி பிறகு விளக்கம் சொன்னார். நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, யாரோ இருக்கிறார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், யாராவது கேட்டால்தான் பாஷை சீக்கிரம் வரும் என்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ரிடையரானார். அந்தச் சமயம் இந்தப் பக்கம் நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரும் தன் துண்டு மனையை விற்றார். பங்குச் சாமியார் எழுதிக் கேட்டு, மடத்து மதில் ஓரமாகவே வயதான பெண்கள் தங்கும் விடுதியில் ஓர் அறை கிடைத்தது. புறப்படும் அன்று சேலைகள், ஜெபமாலை, சவரிமுத்து கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் அடங்கிவிட்டன. முகத்தில் அப்படி ஒரு களை. கல்யாணத்துக்குப் போகிறவர்கூட அப்படி இருக்க மாட்டார்.

சில வருஷம் கழித்து ஒருமுறை வந்தார். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று வேண்டும் அல்லவா? தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பலாம் என்று சொல்லியும் கேட்காமல் நேரிலேயே வந்து நின்றார். "பாத்துக்கோ, உயிரோடதான் கீறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார். தலை முழுக்க நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். அன்று பிற்பகல் முழுவதும் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அந்த ஊர்க் கதையெல்லாம் சொன்னார். காலையில் மணியோசைக்கு எழுந்து பூசைக்குப் போவது, மார்க்கெட்டில் விலாங்கு மீன் உயிரோடு நெளிவது, மத்தியானமானால் கடை கண்ணியெல்லாம் சாத்தி ஊரே செத்துக் கிடப்பது. முதல் வாரம் பஸ் ஏறி ஊருக்கு வெளியே போனாராம். இறங்கினால் எதிரில் ஓர் ஏரி. தட்டைப் படகு, சுற்றிலும் நெல் வயல், நாணல், கொக்கு. அச்சு அசல் பழவேற்காடு ஏரி. கரையில் மீனவர்கள் வலை உதறிக்கொண்டிருந்தார்களாம். நாம் ஊரை விட்டுக் கிளம்பவேயில்லையோ, இருக்கிறவர்களைத்தான் யாரோ மாற்றிவிட்டார்களோ என்று திகிலாகி, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாராம்.

மினியைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை விடுவார்களாம். இருட்டறை, கிராதி, திரை. இவர் கற்றுக்கொண்டு போனதையெல்லாம் ஸ்பானிஷில் பேசுவார். சிஸ்டர் இனெஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து பதில் வரும்: நலமாக இருக்கிறேன், கடவுளுக்கு நன்றி, உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

"நல்லதுதானேக்கா" என்றேன்.

"பதில் சொல்றது மினி இல்லடி."

திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எத்தினி வருஷம் குரல வெச்சி ஆளச் சொன்னவ நானு. உள்ள மூணு மூச்சு கேக்குது. ஒண்ணு பேசறவங்க. ஒண்ணு உக்காந்து கேக்கறவங்க. இன்னொண்ணு தள்ளி, செவுத்தோரம். அதான் மினி. நான் வாயத் தொறந்தாலே அந்த மூச்சு பதறுது. ஆனா பேச மாட்டேங்குது."

யாரிடமும் ஏன் என்று கேட்கவில்லையா என்றேன். கேட்டாராம். சிஸ்டர் இனெஸுக்குப் பேச்சு வரவில்லை, பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொன்னார்களாம். அவர்களுக்கும் காரணம் தெரியாது போலிருக்கிறது. ஒரே ஒரு தடவை நம் பாஷையில் கூப்பிட்டுப் பார்க்கக் கூடாதா என்று நான் கெஞ்சினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரூல மீறினா கதவ சாத்திடுவாங்கடி. இப்போ மூச்சாவது கேக்குது."

இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். மினிக்குக் கடிதமாவது எழுதுகிறீர்களா என்று கேட்டதற்கு, அங்கே போன நாளிலிருந்தே நிறுத்திவிட்டேன், பக்கத்து மதிலுக்குள் இருக்கிறவளுக்கு யாராவது தபால் போடுவார்களா என்றார். திரும்பிப் போனார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. பிறகு இந்தத் தந்தி.

தந்தி வந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியான வேளை, நான் டூட்டியில் இருக்கிறேன். மெட்ராஸ் டிரங்க் ஆபரேட்டர், ஸ்பெயினிலிருந்து கால், லைனிலேயே இருங்கள் என்றாள். அலை அடிப்பது போல இரைச்சல். மடத்துத் தலைவியாக இருக்க வேண்டும், ஒரு பெண் நிதானமான ஆங்கிலத்தில், எங்கள் சிஸ்டர் ஒருவர் பேச அனுமதி கொடுத்திருக்கிறோம், அவர் தன் தாய்மொழியிலேயே பேசலாம் என்றார். பிறகு ஆள் மாறியது. மூச்சு மட்டும் கேட்டது.

நான் வழக்கம்போல, "எக்ஸ்சேஞ்ச்" என்றேன்.

"அம்மா?" என்றது அந்தப் பக்கம்.

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பழகியதில் என் குரலும் அவர் குரல் போலவே ஆகிப்போயிருந்தது. சந்தாதாரர்கள் எப்போதுமே ஆள் மாற்றிப் பேசுவார்கள். என் வீட்டுக்காரரே ஏமாந்திருக்கிறார். நான் வசந்தா என்று சொன்னேன். மினி இங்கிருந்து போன வயதில் எப்படிப் பேசினாளோ அதே பேச்சில் கேட்டாள்.

"எங்கம்மா எப்பக்கா செத்தாங்க?"

போன வாரம், உன் மதிலுக்கு அந்தப் பக்கம், தூக்கத்தில் என்று சொன்னேன்.

"இல்லக்கா. அவங்க எப்பவோ செத்துட்டாங்க. ஊர்லேர்ந்து கடுதாசி வர்றது நின்னுபோச்சு. அதுக்கப்புறந்தான் அது வர ஆரமிச்சிது. அம்மா கொரலுதான். ஆனா எங்கம்மாவுக்கு அந்தப் பாஷ ஏது? எம் பேரையும் சொல்லல. அம்மா வந்துகீறாங்கன்னு சிஸ்டருங்க சொன்னாங்க, அவங்களுக்கு இன்னா தெரியும். நான் வாயே தொறக்கலக்கா."

இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செத்தவர்கள் நம் வீட்டு வாசலில் வந்து, வீட்டு ஆளின் குரலில் கூப்பிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்ப்போம். குரல் சரியாக இருக்கும், பேச்சில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அதற்குப் பதில் சொன்னால் கூடவே அழைத்துப் போய்விடும். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டால்தான் மனுஷர். இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் எங்கள் பெண்கள் யாரும் முதல் அழைப்புக்கு வாய் திறக்க மாட்டார்கள். மினிக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் அவள் அம்மாதான்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சவரிமுத்துவின் கடை, ஞாயிற்றுக்கிழமை பஸ், அட்டை போன புத்தகம், எட்டொன்பது வருஷம் முக்கி முனகிப் படித்தது, அவளை அசரடிக்க வேண்டும் என்று மறைத்து வைத்தது. அது பேய் இல்லை, உன் அம்மாதான், உன்னோடு பேசத்தான் அந்தப் பாஷை என்றேன். நேரம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். மெட்ராஸ்காரி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், வெட்டவில்லை. மினி அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் ரொம்பச் சின்னக் குரலில், அம்மா மாதிரி என்னைக் கூப்பிடு அக்கா என்றாள்.

"மினி" என்றேன். பதில் இல்லை.

"மினி." மூச்சு மட்டும்.

யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் எனக்கே சந்தேகமாகிவிட்டது. மூன்றாவது முறை நான் கூப்பிட்ட மாதிரியே இல்லை.

"அடியே மினி."

"இன்னாம்மா" என்றாள்.

லைன் அத்தோடு போய்விட்டது. அந்தோணியக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் குரலும், அந்தக் குரலுக்குக் கடைசியில் கிடைத்த இந்த ஒரு பதிலும். பதில் அவருக்கு உரியது. அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க என் போர்டில் நம்பர் இல்லை.